இறுக்கிப் பூட்டிய கண்ணாடி

எனக்கு எதையும் இறுக்கிக் கட்டித்தான் பழக்கம். நான் ஊருக்கு அனுப்பும் பொதியைப் பிரிக்கிறவர்கள் என்னைத் திட்டித் திட்டித்தான் பிரிப்பார்கள். அவ்வளவு டேப் சுற்றியிருப்பேன். தொலைநோக்கியின் கண்ணாடியையும் அப்படித்தான் பூட்டினேன்.

மனைவிக்கு நீரிழிவு. இடக்கண் ஏற்கெனவே போய்விட்டது. வலக்கண்ணும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன கிழமையே, நானே செய்யத் தொடங்கிக் கராஜில் பாதியில் விட்டிருந்த தொலைநோக்கியைத் தூசி தட்டினேன். பார்வை இருக்கும்போதே சனியின் வளையத்தை அவளுக்குக் காட்டிவிட வேண்டும்.

“சனியன் எங்களைப் பாத்தது காணாதோ? நாங்களும் போய் அவரைப் பாக்க வேணுமோ?” என்று சிரித்தாள். ஆனாலும் ஒவ்வொரு பின்னேரமும் கராஜ் வாசலுக்கு வந்து, “முடிஞ்சுதோ?” என்று கேட்பாள்.

குழாயின் அடியில், சாப்பாட்டுத் தட்டு அளவான அந்தக் கண்ணாடியை மூன்று பிடிகள் தாங்க வேண்டும். விழுந்து உடைந்தால் எல்லாம் போச்சே என்ற பயத்தில், திருகாணிகளை இனித் திரும்பாது என்னும் மட்டும் முறுக்கினேன். வெளியே வைத்துப் பார்த்தால் நட்சத்திரமெல்லாம் முக்கோணமாகத் தெரிந்தது. இரண்டு கிழமை வேறு எதையெதையோ பிழை சொன்னேன். கடைசியில்தான் விளங்கியது: பிடி கண்ணாடியை நெருக்கக் கூடாது, விழாமல் மறித்தால் போதும். நெருக்கினால் கண்ணாடி மயிரிழை வளைந்து படம் கெட்டுவிடும். ஒரு கடதாசி நுழையும் அளவுக்குத் தளர்த்தினேன்.

அந்த இரண்டு கிழமையும் வானம் துடைத்து விட்டதுபோல் இருந்தது. தளர்த்திய அன்றே முகில் மூடியது. டென்மார்க்கின் நவம்பர், கேட்கவா வேண்டும்! மூன்று கிழமை திறக்கவில்லை. அதற்குள் அவள் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தது. “கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்” என்றாள்.

ஒரு சனிக்கிழமை, ஐந்து மணி இருட்டில் வானம் வெளித்தது. சனியைப் பிடித்து வைத்துவிட்டு, அவளுக்கு ஜாக்கெட் போட்டுக் கூட்டிவந்து, கதிரையில் இருத்தி, முகத்தைப் பிடித்துக் கண்ணை வைப்பித்தேன். கனநேரம் எடுத்தது.

“தெரியுதோ?”

“ஓம். வளையத்தோட. நல்ல வடிவு.”

சந்தோஷம் தாங்காமல் நானும் குனிந்து பார்த்தேன். வெறும் இருட்டு. வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். குழாயை இடைக்கிடை தள்ளிக் கொடுக்காவிட்டால் சனி வெளியே போய்விடும். பதற்றத்தில் அதை மறந்திருந்தேன். அவள் பார்த்த இடத்தில் சனி இருக்கவேயில்லை.

வானம் துடைத்துக் கிடந்த அந்த இரண்டு கிழமைதான் நினைவுக்கு வந்தது.

“நீங்களும் பாத்தனீங்களோ?” என்று கேட்டாள்.

“ஓம்,” என்றேன். “நல்ல வடிவு.”