சுஹைரா மிஸ் இரைச்சல் கேட்ட நாட்கள்

சுஹைரா மிஸ் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய் இரண்டு வருடமாகிறது. அவர் இருந்த அறைக்கு இப்போது ஏசி பூட்டியிருக்கிறார்கள். ஆள்தான் இல்லை. அந்தப் பக்கம் போகும் நேரமெல்லாம் கதவைத் தள்ளி ஒருக்கால் எட்டிப் பார்க்காமல் எனக்குப் போக முடிவதில்லை. நாற்பத்தைந்து வயதில் இது வெட்கக்கேடான வேலைதான். ஆனாலும் செய்கிறேன்.

என் பெயர் லதீசன். சொந்த ஊர் சல்லி. திருகோணமலையில் எங்கள் பல்கலைக்கழக வளாகத்து ஊடகக் கூடத்தில் நான் தொழில்நுட்ப அலுவலர். கமெரா, கொம்பியூட்டர், எரிந்துபோன மின்குமிழ் எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான்தான். சுஹைரா மிஸ் டிஜிட்டல் ஊடகம் படிப்பித்த சிரேஷ்ட விரிவுரையாளர். மூதூரில் பிறந்து, கொழும்பில் படித்து, ஓர்ஸ் ஹில்லில் வாடகை வீட்டில் இருந்தவர். காலையில் பட்டணத்துக்கு இறங்கி நிலாவெளி பஸ் ஏறி வருவார். ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி, மற்றக் கையில் ஹெட்போன். அதைப் பையில் வைத்தால் வயர் முறியும் என்று குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டுதான் வருவார்.

புது மாணவர்களிடம் முதல் வகுப்பில் அவர் கேட்பது ஒரே கேள்வி.

“உங்கட போன்ல கிடக்கிற ஆகப் பழைய படம் எத்தனையாம் ஆண்டுப் படம்?”

பிள்ளைகள் விறுவிறென்று தட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வருடம், மூன்று வருடம். அதற்கு முந்தியதெல்லாம் பழைய போனோடு போயிருக்கும்.

“அப்ப மூண்டு வருசத்துக்கு முந்தி நீங்க ஒருத்தரும் பிறக்கல்லயா?” என்பார். வகுப்பு சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

அவருடைய ஆராய்ச்சி கசெட்டுகளைப் பற்றியது. டெலிபோன் வீடுகளுக்கு வராத காலத்தில் சவூதிக்கும் கட்டாருக்கும் வேலைக்குப் போன ஆட்களும் இங்கே இருந்த குடும்பங்களும் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் கதைத்து, போகிற வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவார்கள். கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி என்று வீடு வீடாகப் போய் மிஸ் அவற்றைச் சேர்த்துக்கொண்டு வருவார். பூஞ்சணம் பிடித்தது, நாடா முறுகினது எல்லாம் வரும். நான் ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்து, பழைய கசெட் பிளேயரில் போட்டுக் கொம்பியூட்டரில் ஏற்றுவேன்.

அதில் மிஸ்ஸுக்கு ஒரு சட்டம் இருந்தது. கசெட் ஓடும் நேரம் ஓர் ஆள் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். பேச்சு முடிந்தாலும் நிறுத்தக் கூடாது. இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஓட வேண்டும். வெறும் இரைச்சலை அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருப்பார், வானொலியில் நாடகம் கேட்கிற மாதிரி.

“மிஸ், அதில ஒண்டுமில்ல,” என்பேன்.

“ஒண்டுமில்ல எண்டதையும் கேட்டுத்தானே சொல்லோணும், லதீசன்?”

எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த மத்தியானங்களில் பிளேன்ரீயும் குடித்துக்கொண்டு, யாரோ ஒருவர் எப்போதோ “ஆடு குட்டி போட்டுட்டு” என்று சவூதியில் தம்மாமில் இருக்கிற ஆளுக்குச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தோமே, அதைவிட நல்ல வேலை எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில், பெற்றோலும் கரண்டும் இல்லாத அந்த வருடத்தில்தான் றுக்கியா வந்தார். குறிஞ்சாக்கேணியில் இருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மடியில் ஒரு பிஸ்கட் தகரம், அதற்குள் பதினொரு கசெட். கூட வந்தவர் மகள் சனூஸா, பள்ளிக்கூட ஆசிரியை.

றுக்கியாவின் கணவர் கலீலுர் றஹ்மான் தம்மாமில் லொறி ஓடினவர். சனூஸா வயிற்றில் இருக்கும்போது போனார். போய் இரண்டாம் வருடம் விபத்தில் மௌத்தாகி, அங்கேயே அடக்கினார்கள். மகளை அவர் பார்க்கவில்லை. அவருடைய பெட்டியைக் கூட்டாளி ஒருவர் கொண்டுவந்து கொடுத்தபோது உடுப்போடு இந்தக் கசெட்டுகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் திகதி, அவருடைய கையெழுத்தில். வீட்டில் இருந்த பிளேயர் அதற்கு முந்தியே பழுதாகி விட்டது. பிறகு இடம்பெயர்வு, சுனாமி. தகரம் மட்டும் அலுமாரிக்கு மேலேயே இருந்திருக்கிறது.

“போட்டோ இரிக்கி மிஸ். குரல்தான் இல்ல,” என்றார் றுக்கியா. “மகள் ஒருக்காவாவது வாப்பாட குரலக் கேக்கணும்.”

அந்த மாதம் கரண்ட் ஒரு நாளைக்குச் சில மணித்தியாலம்தான். பதினொரு கசெட்டையும் முழுக்க ஓடவிட்டால் எந்தக் காலத்தில் முடிவது? மிஸ் பரீட்சை வேலையில் இருந்தார். நான் அவருக்குச் சொல்லாமல் ஒரு வழி செய்தேன். ஒரு நிமிடத்துக்குச் சத்தம் இல்லையென்றால் பதிவு தானாக நிற்கும்படி கொம்பியூட்டரில் அமைத்துவிட்டு, நான் மற்ற வேலையைப் பார்த்தேன். நான்கு நாளில் எல்லாம் முடிந்தது. ஏற்றினதைத் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். எல்லாவற்றிலும் ஒரே ஒரு குரல். இளம் பெண் குரல். றுக்கியாவின் குரல்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கெட்டிக்காரன் மாதிரி அன்றைக்கே அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

 றுக்கியா மெதுவாகச் சொன்னார். “அவர் அனுப்பிற கசெட்டுக்கு மேலதான் தம்பி நான் கதைச்சி அனுப்பின. வேற கசெட் வாங்கக் கையில காசில்ல. பாடமாகிற வரைக்கும் கேட்டுப்போட்டு, அதிலயே திருப்பிக் கதைப்பன். அவரும் அப்பிடித்தான் என்ட குரலுக்கு மேல கதைச்சிருப்பார் எண்டு நினைச்சிருந்தன். அவர் அங்க ஒவ்வொரு தரமும் புதுசு வாங்கியிருக்கார். என்ட கசெட் ஒண்டையும் அழிக்கல்ல. நான்தான் அவர அழிச்சுப் போட்டன்.”

அவர் போனை வைத்துவிட்டார். 

விசயம் கேட்டு மிஸ் என்னிடம் ஏறி விழுந்தார். அவ்வளவு கோபப்பட்டு நான் அதற்கு முந்தியும் பிந்தியும் பார்க்கவில்லை. உடனே இருந்து பதிவுகளின் நீளத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் முப்பது நிமிடம். ஏழாம் கசெட்டின் இரண்டாம் பக்கம் மட்டும் இருபத்திரண்டு.

“மிச்ச எட்டு நிமிசம் எங்க?”

“அதில சத்தமில்ல மிஸ்.”

“ஆர் கேட்டது?”

“கொம்பியூட்டர்.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். கசெட்டைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் சாத்தி வைத்த கதவடியிலேயே நின்றேன். நேரம் போனது. பிறகு மிஸ்ஸின் கை வாயைப் பொத்தியது.  ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

அடுத்த நாள் பத்து மணிக்குக் கரண்ட் வரும் என்றிருந்தார்கள். ஒன்பதுக்கே தாயும் மகளும் வந்துவிட்டார்கள். என்ன இருக்கிறது என்று மிஸ் அவர்களுக்குச் சொல்லவில்லை, “வந்து கேளுங்க மாமி” என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் றுக்கியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அவர் முகத்தை நேரே பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஸ்பீக்கரில் போட்டோம். இளம் றுக்கியா கிணற்றுத் தண்ணீர் வற்றினதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. “இரிங்க, புள்ள எழும்பிட்டு” என்று சொல்லிவிட்டுக் குரல் தூரப் போனது. பிளேயரை நிறுத்த மறந்திருக்கிறார். பிறகு ஆளில்லாத வீட்டின் அமைதி, ஐந்து நிமிடம். சனூஸா என்னைப் பார்த்தார். மிஸ் பொறுக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

யாரோ வந்து பொத்தானை அமத்திய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அழிபடாத பழைய நாடா.

“...போட்டோ கிடைச்சிச்சு. படுக்கிற இடத்துல ஒட்டி வச்சிரிக்கன். எல்லாரும் நித்திரை, அதான் மெல்லமாக் கதைக்கிற. புள்ளைக்கு என்ட மூக்கு வந்திரிக்கி போல. பொம்புளப் புள்ளைக்கு இந்த மூக்குக் கூடாது றுக்கியா, உங்கட மூக்கு வரட்டும் எண்டு துஆக் கேக்கிறன். புள்ளைட நகத்தப் பாத்து வெட்டுங்க. வேற என்ன. கசெட் இன்னும் கொஞ்சம் ஓடும் போல. சும்மா வச்சிக்கிட்டு இரிக்கன், நீங்க பக்கத்துல இரிக்கிற மாதிரி இரிக்கி...”

நான்கு நிமிடம். கடைசியில் பேச்சுக்கூட இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும்தான். நாடா முடிந்து பிளேயர் தானாக நின்றது.

றுக்கியா அழவில்லை. அவருடைய உதடுகள் ஸ்பீக்கரோடு சேர்ந்து அசைந்ததை நான் கண்டேன். பாடமாக்கினது ஒன்றும் மறந்திருக்கவில்லை.

சனூஸா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். சிரிக்கப் போனார், முடியவில்லை.

“உம்மா, வாப்பா எண்டா ஒரு பெரிய ஆள் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன். இவர் என்னை விடச் சின்னப் பொடியன்.”

“ஓம் மகள். இருபத்தாறு வயசு,” என்றார் றுக்கியா. “சரியான பயந்த ஆள். தனிய ஒரு இடத்துல கிடக்க ஏலாது அவருக்கு.”