நீலக் கட்டு

வெள்ளாங்குளம் சந்தியில் ஓட்டோ ஓட்டும் பிரணவனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லதுதான் சொல்வார்கள். காய்ச்சல்காரரை ஏற்றினால் கூலி கேட்கமாட்டான். பிள்ளைத்தாச்சி ஏறினால் தெருவில் குழி கிடங்கு பார்த்து மெல்ல ஓட்டுவான். ஆனால் தோற்கத் தெரியாதவன். அது ஊருக்குத் தெரியாது. அவனுக்கே வெகுகாலம் தெரியாது.

யுத்தம் முடிந்து அகதி முகாமில் இருந்தபோது அவனும் டிலானும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். செய்ய ஒரு வேலையும் இல்லாத அந்தப் பகல்களில் எல்லோரும் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடினார்கள். டிலான் மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யார் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். அவனோடு சோடி சேரப் பெரிய ஆட்களே போட்டிபோட்டு அடிபட்டார்கள். பிரணவன் ஒருநாளும் அவனை வென்றதில்லை. மற்றவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான்தான். உள்ளுக்குள் புகைந்தது.

மீள்குடியேறி இரண்டு மாரி கழிந்தபின், கனடாவிலிருந்து வந்த பிரணவனின் அண்ணன் சிவப்பும் நீலமுமாக வேறு மாதிரியான சீட்டுக் கட்டுகள் இரண்டு கொண்டுவந்தான். அங்கே போட்டி வைத்து விளையாடுவார்களாம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மிருகமோ மந்திரவாதியோ இருக்கும். கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம். அண்ணன் பக்கத்தில் இருந்து பிரணவனுக்குப் பழக்கினான்.

"சிவப்புக் கட்டு லேசடா. கையில வந்ததைப் போட்டு அடிச்சுக்கொண்டே போகவேண்டியதுதான். நீலம் அப்பிடியில்லை. எதிராளி போடுறதில எதைத் தடுக்கிறது, எதை விடுறது எண்டு ஒவ்வொரு முறையும் யோசிக்கவேணும். வருசக்கணக்கா விளையாடுற ஆக்களே அதில தடுமாறுவினம்."

அண்ணன் போன கையோடு பிரணவன் டிலானைக் கூப்பிட்டான். டிலான் அப்போது வீட்டுத்திட்ட வீடுகளுக்குச் சீமெந்து குழைக்கப் போய்வந்தான். வேலை முடிந்தால் ஒருவரோடும் கதையில்லை, பாயில் சுருண்டுவிடுவான்.

"நீலம் உனக்கு, மச்சான். முந்நூற்றிநாலு மாதிரித்தான். துரும்பை வைச்சிருந்து வெட்டினாச் சரி. ரெண்டிலயும் லேசு அதுதான்."

வாய் கூசாமல் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது. அதற்காக அவன் கட்டை மாற்றிக் கொடுத்துவிடவில்லை.

டிலான் தோற்றான். மறுநாளும் தோற்றான், அடுத்த கிழமையும் தோற்றான். முகாமில் அவனுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த பழக்கமே இங்கே காலை வாரியது. துரும்பைக் காப்பதுபோல் நல்ல தடுப்புச் சீட்டுகளைக் கடைசிவரை இறுக்கிப் பிடித்திருந்தான். அதற்குள் சிவப்பு மிருகங்கள் அவனை முடித்துவிட்டன. "கவனமா விளையாடு, மச்சான்" என்று ஒவ்வொரு முறையும் பிரணவன் அவன் தோளில் தட்டினான். வெட்கம்கெட்ட விஷயம்தான், ஆனால் வெற்றி இனித்தது.

ஒருநாள் டிலானின் தாய் சிவராணி கடைக்குப் போக ஓட்டோவில் ஏறினாள்.

"தம்பி, மன்னாரில கரண்ட் வயறிங் படிக்க இவனுக்கு இடம் கிடைச்சிருக்கு. போகமாட்டானாம். லேசான சீட்டு விளையாட்டே பிடிபடாத தலைக்குப் படிப்பு ஏறுமோ எண்டு கேக்கிறான். யுத்தத்தில விழுந்த செல்லடிக்குப் பிறகு தன்ர மூளை பழுதாம். திங்கக்கிழமை போகாட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவினம். நீ சொன்னாக் கேப்பான், ராசா."

"ஓம் மாமி, சொல்லுறன்" என்றான் பிரணவன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு நாளும் தான் வென்றது எதை என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

ஞாயிறு பின்னேரம் இரண்டு கட்டுகளோடும் டிலான் வீட்டுக்குப் போனான். "இண்டைக்குச் சிவப்பை நீ எடு" என்றான். ஆட்டம் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. நீலத்தை வைத்துக்கொண்டு பிரணவன் தட்டுத்தடுமாறினான். டிலான் இத்தனை நாளும் தாக்குப்பிடித்ததில் பாதிகூட அவனால் முடியவில்லை.

"நீலம்தான் கஷ்டமான கட்டு. அண்ணன் முதலே சொன்னவர். தெரிஞ்சுதான் உனக்குத் தந்தனான்."

டிலான் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "அப்ப, கவனமா விளையாடு எண்டு சொன்னது?"

பிரணவன் தலையைக் குனிந்தான். "உன்னை ஒருக்காலும் வெல்லேலாமல் இருந்தது, மச்சான். பிழை என்னில. உன்ர தலையில ஒண்டுமில்லை. நாளைக்குப் போ. நானே ஓட்டோவில கொண்டுபோய் விடுறன்."

டிலான் ஏசவில்லை. ஏசியிருந்தால் பிரணவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீ போ" என்று மட்டும் சொன்னான். கட்டுகள் இரண்டும் அங்கேயே கிடந்தன.

மறுநாள் விடியவே பிரணவன் ஓட்டோவைக் கழுவித் துடைத்துச் சந்தியில் நிறுத்தியிருந்தான். டிலான் பையோடு வந்தான். அவன் வருவதைப் பார்த்ததும் பிரணவனுக்குப் போன உயிர் திரும்பியது. ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினான். டிலான் ஏறவில்லை. பையிலிருந்து சிவப்புக் கட்டை எடுத்துப் பின் சீட்டில் வைத்தான்.

"நீலத்தை நான் கொண்டுபோறன். பழகவேணும். இது லேசான கட்டு, உனக்கு இது போதும்."

மன்னார் பஸ் வந்தது. டிலான் ஏறிப் போனான்.