ராஜாமணி அக்கா வெட்ட மறுத்த பேச்சு

ஆமத்தூரில் ஒரு கல்யாணத்தில் மேடைக்கு எதிரே கேமராவோடு நின்றிருந்தேன். லைட் பிடிக்க வந்தவர் காதோரம் வந்து, ராஜாமணி அக்கா போய்விட்டார் என்றார். மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது. தாலி கட்டி முடியும்வரை நான் கேமராவை இறக்கவில்லை. இறக்கியிருந்தால் அக்காவே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

சாயங்காலம் அக்காவின் ஊரான எம். புதுப்பட்டிக்குப் போனால், பஸ் நிற்கிற இடத்திலேயே போஸ்டர். 'அமைதியின் திருவுருவம்' என்று போட்டிருந்தார்கள். நம் பக்கத்து அச்சகங்களில் யார் செத்தாலும் இந்த வாசகம்தான். அக்காவோடு பழகிய உங்களைக் கேட்கிறேன்: அமைதியா? ராஜாமணி அக்காவா? எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஆவணப்படம் எடுக்கக் கற்றோம். ஒரு தொண்டு நிறுவனம் விருதுநகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்தியது. கல்யாண வீடியோ எடுக்கிறவன், எனக்குத் தெரியாததா என்ற மிதப்பில் நான் போனேன். அக்கா பட்டாசு செய்கிற வெடி ஆபீசில் வேலை பார்த்தவர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் வெடிமருந்து ஒட்டியிருக்கும். எங்களை ஒரே குழுவில் போட்டார்கள்.

முதல் பாடத்துக்கே, வெடி விபத்தில் மகளைப் பறிகொடுத்த பேச்சியம்மாளின் வீட்டைப் படமெடுத்து வந்தோம். நான் வழக்கம்போல ஷெனாய் சேர்த்து, காட்சி மாறுகிற இடத்தில் எல்லாம் ஹார்ட் விரிகிற மாதிரி வைத்துவிட்டேன். கைப்பழக்கம். போட்டுக் காட்டியபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, எளவு வீட்டுல எவனாச்சும் ஹார்ட்டு விடுவானா?" வகுப்பே சிரித்தது. அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. பேசுகிறவர் அழுதால் கூடச் சேர்ந்து அழுதுவிடுவார்; டேப்பில் இவர் மூக்கை உறிஞ்சுவதுதான் பெரிதாகக் கேட்கும். ஆக, இரண்டு பேரும் மறுபடி அதே வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

இந்த முறை அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சியம்மாள் மகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் என்று நான் கேமராவை இறக்கப் போனேன். அக்கா என் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து மேலே தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் கழித்து பேச்சியம்மாள் வாயைத் திறந்தார்.

"எம் மக கவனமில்லாம இருந்தான்னு சொல்றாக. நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்புல அம்புட்டு பேர உக்கார வச்சாகளே, அது யாரு கவனம்?"

வெளியே வந்த பிறகு அக்கா சொன்னார்: "பேசி முடிச்சாகன்னு நீயா முடிவு பண்ணாத. அவுக முடிக்கட்டும்."

படம் தயாரானது. ஊரில் போட்டுக் காட்டப் போகிறோம் என்று தெரிந்ததும் அக்கா வேலை பார்த்த, அந்த விபத்தும் நடந்த கம்பெனியின் போர்மேன் வந்தார். அந்த ஒரு பேச்சை மட்டும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அக்கா வேலைக்கு வர வேண்டாம் என்றார். வகுப்பு நடத்தியவர்கள் பயந்து, பேச்சியம்மாளின் முகத்தையாவது மறைத்துவிடலாம் என்றார்கள். அதை அவரிடமே கேட்போம் என்று அக்கா கூட்டிக்கொண்டு போனார். பேச்சியம்மாள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மூஞ்சிய மறைக்க எம் மக என்ன களவா செஞ்சா?" என்று கேட்டார்.

அக்கா போர்மேனைத் தேடிப் போய், வெட்ட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். சமுதாயக்கூடத்துச் சாவி திடீரென்று காணாமல் போனது. போகட்டும் என்று அக்கா வீட்டுச் சுவரில் வேட்டியைக் கட்டி, என் கல்யாண ஜெனரேட்டரைப் போட்டுப் படத்தைக் காட்டினோம். தெரு நிறைய ஆள். போர்மேனும் கடைசியில் நின்று பார்த்தார். மறுநாள் அக்காவுக்கு வேலை போயிற்று. "போனாப் போகுது, இனிமே நகமாச்சும் சுத்தமா இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு அழவும் செய்தார். அடுத்த தெருவில் இருந்த தீப்பெட்டி ஆபீஸ்கூட அவரைச் சேர்க்கவில்லை. என்னோடு கல்யாணங்களுக்கு வந்தார். கல்யாணம் இல்லாத நாட்களில் ஊர் ஊராகப் போய் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். ஒரு ஊரிலும் அந்தப் பேச்சை வெட்டவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்தில் அந்தப் படத்தைப் போடலாம் என்றேன். கம்பெனிக்காரர்களும் துக்கம் கேட்க வருகிறார்கள், அந்த ஒரு இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள் என்று உறவுக்காரர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்னதும் தப்பில்லை, அவர் மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான். ஆனாலும் நான் தாண்டவில்லை. அதே சுவர், அதே வேட்டி. அக்காவின் முகம் அந்தப் படத்தில் எங்குமே இல்லை. கேள்வி கேட்கிற குரல் மட்டும்தான். பேச்சியம்மாள் முன்னால் உட்கார்ந்து தன் பேச்சைத் தானே கேட்டார். கம்பெனிக்காரர்களும் கேட்டார்கள். எழுந்து போக யாராலும் முடியவில்லை.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது முழங்கைக்குக் கீழே வந்த அந்தக் கையைத்தான். எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் இன்றைக்கும் என் கேமரா இறங்கத்தான் பார்க்கிறது. நான் விடுவதில்லை.