ஹெலினாவின் வலது கை

ஹெலினா கூட்டத்தில் முன்னால் வந்து நிற்கிற பெண் அல்ல. வெள்ளானூர் சர்ச்சில்கூட அவளுக்குக் கடைசி பெஞ்சுதான். அப்படிப்பட்டவளைக் கண்காட்சி கண்காட்சியாகக் கூட்டிப்போய், சுடிதார்க் கையை மடித்துக் காட்ட வைத்தார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜெகதீஷ் நடத்திய சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். தலைமுடியைவிட மெல்லியது. சூடேறினால் அது சுருங்கும். சுருங்கி ஓரம் விலகினால் தகடுகள் முட்டிக்கொள்ளும், பேட்டரி பற்றிக்கொள்ளும். அப்படி ஆகாமலிருக்க, படலத்தின் மேல் பீங்கான் தூள் கலந்த வெள்ளைக் கலவையைப் பூசிக் காயவைப்பதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். பூசிய படலத்தை ஓவனில் வைத்து, சூட்டில் சுருங்குகிறதா என்று பார்ப்பது ஹெலினாவின் பொறுப்பு.

வாங்க வந்தவர்கள் எல்லோரும் இன்னும் மெல்லிசாக வேண்டும் என்றார்கள். ஜெகதீஷ் பூச்சைக் குறைத்தார். ஓரங்களில் தூள் உதிர ஆரம்பித்தது.

"சார், சூட்ல சுருங்கிடுது சார்" என்றாள் ஹெலினா.

"பேட்டரியா கட்டிட்டா நிக்கும்மா. நீ பயப்படாத."

அதே படலத்தை வைத்துச் சில பேட்டரி செல்களைச் செய்து ஓவனுக்குள் வைத்தார்கள். அன்றைக்கு வெளியூரிலிருந்து வாங்குபவர்கள் வந்திருந்தார்கள். ஓவன் ஆறவில்லை. ஜெகதீஷ் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்து, "எடுத்துனு வாம்மா, காத்துனு இருக்காங்க" என்றார். அவள் திறந்தாள். செல் வெடித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை தீ சுற்றிக்கொண்டது.

அரசு ஆஸ்பத்திரியில் புண் ஆறியது. ஆறிய தோல் இறுகி, முழங்கையை உள்பக்கமாக இழுத்தது. தொடையிலிருந்து தோலெடுத்து வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் மூட்டு அப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர்.

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஜெகதீஷ் பார்க்க வந்தார். கட்டுப் பிரித்த கையை நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "நந்தம்பாக்கத்துல கண்காட்சி வருது. நீ வந்து சும்மா நின்னா போதும். அது முடியட்டும், பெரிய ஆஸ்பத்திரியிலயே நான் பண்ணி வைக்கிறேன்."

அவள் போய் நின்றாள்.

"இது வேற கம்பெனி படலம் சார், பூச்சே கெடையாது. நம்ம பொண்ணு டெஸ்ட் பண்றப்போ வெடிச்சது" என்று சுருங்கிய படலம் ஒன்றைக் காட்டி வந்தவர்களிடம் ஜெகதீஷ் சொல்வார். "கையக் காட்டும்மா."

காட்டுவாள். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர், அந்தச் சுருங்கிப்போன படலத்தை அவள் கையின் மேலேயே வைக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். "ரெண்டும் ஒரே மாதிரி இல்ல?" என்று சிரித்தார்.

ஒரு கண்காட்சி முடிந்ததும் இன்னொன்று வந்தது. ஹெலினாவின் கணவன் ஜாக்சன் ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். டாக்டர் சீக்கிரம் வரச் சொன்னதை அவனிடம் சொன்னாள்.

"கை நேராயிட்சின்னா உன்ன எவன் கூட்டினு போவான்?" என்றான் அவன். "ஏசில ஜம்முனு நின்னுகினு கீற. கொஞ்ச நாள் இப்டியே கெடக்கட்டும்."

அவள் இடது கையால் சோற்றைப் பிசைந்தாள். அந்த மழைக்காலத்துக்குள் மூட்டு இறுகிவிட்டது.

ஒருநாள் பெரிய பேட்டரிக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் அம்பத்தூருக்கே வந்தார். ஹெலினா வழக்கம்போல் சுடிதார்க் கையை மடித்துவிட்டாள். அந்தப் பெண் கையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இப்பவும் வலிக்குதாம்மா?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஹெலினா ஆமென்று தலையசைத்தாள்.

"வெடிச்சது யாரோட படலம்?" என்று அந்தப் பெண் அடுத்துக் கேட்டார். ஜெகதீஷ் வாயைத் திறக்க, அந்தப் பெண் கை காட்டித் தடுத்தார். "அவங்க சொல்லட்டும் சார்."

"எங்களுதுதான் மேடம்" என்றாள் ஹெலினா. "நாங்க பூசுனதுதான்."

அந்தப் பெரிய கம்பெனியின் ஆர்டர் கைவிட்டுப் போனது. அன்று சாயங்காலமே அவளுக்கு வேலை போனது. பாதிப் பேரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். இத்தனை வருஷம் அவளோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட வசந்தா கம்பெனி கேட் அருகே வழிமறித்தாள்.

"இன்னாடி, நல்லவள்னு பேரு வாங்கிக்கினியா? உன் கை எரிஞ்சது பத்தாதா? எங்க ஊட்டு அடுப்பும் அவியணுமா?"

காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

ஜெகதீஷ் முடங்கிப்போய்விடவில்லை. விவரம் தெரிந்த ஓர் ஆளைக் கொண்டுவந்தார். சூட்டிலும் இளகாத பசையைத் தூளோடு கலந்து, படலத்தின் இரண்டு பக்கமும் சீராகப் பூசினார்கள். மெல்லிசாகவும் இருந்தது, ஓவனில் வைத்தாலும் சுருங்கவில்லை. கைவிட்டுப் போன அதே ஆர்டர் திரும்பி வந்தது. வெளியே அனுப்பிய எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டார்கள், ஹெலினாவைத் தவிர. அவள் நேரில் போய்க் கேட்டாள்.

"இந்தக் கையோட உன்னால படலம் சுத்துன ரோலத் தூக்க முடியுமாம்மா?" என்றார் ஜெகதீஷ். குரலில் கோபமே இல்லை.

ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறகு அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கை பாதிதான் விரிந்தது. இனி இவ்வளவுதான் என்றார்கள்.

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜாக்சன் போனை நீட்டிக்கொண்டு வந்தான். ஜெகதீஷ் கம்பெனியின் விளம்பர வீடியோ. திரை முழுக்க அவளுடைய வெந்த கை, பக்கத்தில் பளிச்சென்று வெள்ளைப் படலம். 'பூச்சு இல்லாத வேறொரு நிறுவனத்தின் படலம் செய்த கொடுமை' என்றது ஒரு கனிவான ஆண் குரல்.

"பாத்தியா, இன்னும் உன்னத்தான் போட்டுகினு கீறாங்க!"

"பொய் சொல்றான்" என்றாள் ஹெலினா.

"சொல்லினு போறான். கை உன்னுதுதானே?"

ஜாக்சன் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.