கப்பலில் வந்த சோபா

ஆக்லாந்தில் வருடத்துக்கு ஒரு தடவை, வேண்டாத பெரிய சாமான்களை வீட்டுக்கு முன்னாலுள்ள புல்தரையில் வைக்கச் சொல்லி நகரசபை அறிவிக்கும். லொறி வந்து அள்ளும்வரை ஒரு கிழமைக்கு அவை அங்கேயே கிடக்கும். விரும்பியவர் எடுத்துப் போகலாம். வெள்ளைக்காரர் பட்டப்பகலில் சீட்டியடித்தபடி எடுத்துப் போனார்கள். எங்களுக்கு மட்டும் பொழுது பட வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், அந்தக் கிழமையின் மாலைகளில் பணக்காரத் தெருக்களில் ஊர்ந்துகொண்டிருந்த கார்களில் பாதியாவது எங்கள் ஆட்களுடையது. எதிரெதிரே சந்தித்துவிட்டால், "சும்மா காத்து வாங்க வந்தனாங்கள்" என்போம். அது ஜூலை மாதக் குளிர். கார் யன்னல்கள் நாலும் இறுக்கி மூடியிருக்கும்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இலங்கையில் இருபது வருடம் பொறியியலாளன். இங்கே பதினொரு மாதம் விண்ணப்பம் எழுதுவதே தொழிலாக இருந்து, கடைசியில் எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் மழைநீர்க் குழாய்களுக்கு வரைபடம் கீறும் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பரீட்சார்த்தம். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் மறுபடி விண்ணப்பம்.

வேலை தொடங்கிய கிழமைதான் அந்த சோபா கண்ணில் பட்டது. வான் வைத்திருந்த ஒரு மதுரை நண்பர் ரெமுவேரா என்ற பணக்காரப் பகுதியில் ஒரு மதிலோரம் திடீரென்று பிரேக் போட்டார்.

"சார், பாருங்க! காலு நாலும் இருக்கு!"

"ஆரும் பாத்தால்?"

"பாத்தா என்ன சார், ஹெல்ப் பண்ண வருவாங்க. நீங்க அந்தப் பக்கம் புடிங்க."

பிடித்தேன். வீட்டுக்குள் ஒரு திரைச்சீலை அசைந்தது. நான் முகத்தை சோபாவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அது யார் வீடென்று பார்க்கிற நிதானம் அப்போது எனக்கில்லை.

கபில நிறம், அதில் தட்டளவு ஆரஞ்சுப் பூக்கள். மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஆரோ இருந்து எழும்பின சோபா. மூடாமல் நான் இருக்க மாட்டன்."

யானைகள் வரிசையாகப் போகிற பத்திக் துணியொன்றால் அதை மூடினாள். எங்கள் வீட்டுக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது.

மூன்றாவது மாதம் முடிய ஒரு கிழமை இருந்தது. என் மேலதிகாரி ஐம்பது தாண்டிய, மிகப் பெரிய, மிகக் குறைவாகப் பேசுகிற மனிதர். எந்த வரைபடத்தைக் காட்டினாலும் "ம்" என்பார். அது பாராட்டா கண்டனமா என்று பத்து வருடம் அவரோடு வேலை செய்தவர்களுக்கே தெரியாது. மனைவி ஒரு வழி சொன்னாள்.

"சாப்பிடக் கூப்பிடுங்கோ. என்ர நண்டுக்கறியைத் திண்டுபோட்டு உங்களை எப்பிடி நிப்பாட்டுறார் எண்டு பாப்பம்."

கூப்பிட்டேன். "ம்" என்றார். சனிக்கிழமை மாலை வந்தும் விட்டார். அவருடைய மனைவி ஹமில்ற்றனில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாராம். நாயைத் தனியே விட்டால் தெருவே கேட்கிற மாதிரி அழுமாம். அதனால் கூட்டிவந்து காரில் விட்டிருக்கிறாராம். சோபாவில் உட்கார்ந்து கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"நல்ல சோபா."

இந்த இடத்தில் நான் "நன்றி" என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருக்கலாம். பதற்றம் வந்தால் என் வாய் என்னைக் கேட்காமல் தொழில் தொடங்கிவிடும்.

"இலங்கையிலிருந்து வந்தது. மாமனார் கலியாணத்துக்குத் தந்தது. கப்பலில் கொண்டுவந்தோம்."

குசினியில் ஒரு அகப்பை கீழே விழுந்தது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தது ஆளுக்கு ஒரு சூட்கேஸோடு.

"அப்படியா!" என்றார் அவர். மூன்று மாதத்தில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த உற்சாகத்தில் மாமனாரின் தச்சுப் பட்டறை, அங்கே வேலை செய்த ஆறு பேர், கொழும்புத் துறைமுகத்தில் பெய்த மழை எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார் ஒரு தபால் அதிபர்.

எல்லோரும் சாப்பாட்டு மேசைக்குப் போனோம். அதற்குள் என் எட்டு வயது மகள், காரில் தனியே இருந்த நாய்மேல் இரக்கப்பட்டு, கதவைத் திறந்து உள்ளே கூட்டிவந்துவிட்டாள். நாய் என்னைப் பார்க்கவில்லை. நண்டைப் பார்க்கவில்லை. நேரே சோபாவுக்குப் போய் ஏறியது. இடது மூலையில் முன்னங்கால்களால் சுரண்டியது. யானைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து நிலத்தில் விழுந்தன. ஆரஞ்சுப் பூக்கள் மலர்ந்தன. நாய் மூன்று சுற்றுச் சுற்றி, ஊர் திரும்பியவன் மாதிரி ஒரு பெருமூச்சோடு படுத்தது.

மேலதிகாரி பூக்களைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். கையில் நண்டுக்கால்.

"டாட், அது கப்பலில் வரவே…" என்று மகள் ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"பிள்ளை, ஓடிப்போய்த் தண்ணி கொண்டு வா!" என்றாள் தாய்.

ஏதாவது பேச வேண்டும் என்று நான் பேசினேன்.

"எந்த சோபாவைக் கண்டாலும் இப்படித்தான் ஏறிப் படுக்குமா?"

"இல்லை," என்றார். "ஒன்றில் மட்டும்தான்." பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அந்த சோபாவில் இருக்கவில்லை. நின்றேன்.

"கண்டிட்டார், என்னப்பா," என்றாள் மனைவி. "நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிப்போடுங்கோ."

"சொன்னால் வேலை போயிடும்."

"சொல்லாட்டிலும் போகும். சொல்லிப்போட்டுப் போனால் மரியாதையாப் போகலாம். தபால் கந்தோரில இருந்த என்ர அப்பாவைத் தச்சன் ஆக்கினதுக்கு எனக்கு வேற பதில் சொல்லோணும்."

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அவர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரெமுவேரா, வான், திரைச்சீலை, தபால் அதிபர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கப்பல் எத்தனை நாள் எடுத்தது?"

"வான்தான். இருபது நிமிடம்."

அந்தப் பெரிய உடம்பு குலுங்கியதை அன்றுதான் பார்த்தேன். சிரித்து ஓய்ந்து சொன்னார்: "உன் வரைபடங்களில், கண்ணால் பார்த்த குழாயை முழுக்கோட்டில் போடுகிறாய். ஊகித்ததைப் புள்ளிக்கோட்டில் போடுகிறாய். இங்கே பாதிப்பேர் அதைச் செய்வதில்லை. எனக்கு அது போதும். வீட்டில் என்ன கோடு போடுகிறாய் என்பது உன் பாடு."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். நிரந்தரம். வெள்ளிக்கிழமைத் திகதி போட்டிருந்தது.

"அன்றைக்கே கையெழுத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை உன் வீட்டில் வைத்துச் சொன்னால் சாப்பாட்டுக்குக் கூலி மாதிரி இருக்கும். அதனால் சொல்லவில்லை."

இனிப் பொய் சொல்வதில்லை என்று வேலை முடிந்து வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்த மனைவி என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள்.

"கிடைச்சிட்டுது, என்ன?"

"ஓம்."

"சோபாவைச் சொன்னனீங்களோ?"

"எல்லாம் சொன்னனான். சிரிச்சவர்."

"பாத்தியளே! நான் என்ன சொன்னனான்? நண்டுக்கறி திண்ட மனுசன் எப்பிடி நிப்பாட்டுவார்? ரெண்டு நாளா நிண்டு காய்ச்சினது சும்மாவே? கொண்டாங்கோ, கடிதத்தைக் காட்டுங்கோ."

நீட்டினேன். ஆனால் அவள் கையில் கொடுக்கவில்லை. நானே பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெருவிரல் திகதியின் மேல் இருந்தது.