நீல நாடா கட்டிய நாய்: ஒஸ்லோவில் ஒரு ஞாயிறு

2006 அக்டோபரில் அலுவலக வேலையாகக் கோவையிலிருந்து ஒஸ்லோ போயிருந்தேன். இரண்டு வாரத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் எனக்குக் கிடைத்தது. நகர மையத்து ஓவியக் கூடத்துக்குப் போகிறேன் என்றதும், புருசெத் என்ற புறநகரில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் சிவநேசனும் கிளம்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், பேருந்து ஓட்டுகிறார். ஓவியத்தில் ஆர்வமெல்லாம் இல்லை. மகள் அபியின் நச்சரிப்பு. ஒன்பது வயது அபி மூன்று வருடமாக நாய் கேட்கிறாள். பள்ளியிலிருந்து அந்தக் கூடத்துக்குக் கூட்டிப்போனபோது அங்கே ஒரு நாய் ஓவியம் பார்த்திருக்கிறாள். அதைக் காட்டி அப்பாவைக் கரைத்துவிடலாம் என்பது அவள் திட்டம்.

காலை 10.50க்கு டி-பானே, அதாவது மெட்ரோ. நகர மையத்துக்கு இருபது நிமிடம், பெரியவர்களுக்கு 22 குரோனர். (ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், அப்புறம் டீகூடக் குடிக்க மனம் வராது.) இறங்கி ஐந்து நிமிட நடை. அனுமதி இலவசம். பையையும் குடையையும் கீழேயே வைத்துவிட வேண்டும்.

படம் மாடியில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் பாணி ஓவியங்களின் அறையில் இருக்கிறது. எதிர்பார்த்ததைவிடச் சிறியது. கறுத்த வானம், காற்றில் வளைந்த மரங்கள். இத்தனை அமர்க்களத்துக்கு முன்னால் வெள்ளைக் கவுன் போட்ட சிறுமி, காலடியில் பழுப்பு நாய். நாயின் கழுத்தில் கட்டிய நீல நாடாவின் மறுமுனை அவள் கையில். அவள் நம்மைப் பார்க்கிறாள், நாய் அவளைப் பார்க்கிறது. வானத்தில் கறுப்பு கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பட்டது. நாயைக் குறை சொல்ல முடியாது.

“அப்பா, இஞ்சை பாருங்கோ. இந்தப் பிள்ளை என்னைவிடச் சின்னன். அவவிட்டையே நாய் இருக்கு.”

நாலாம் மாடி வீடு, வெளியே பனி என்று வழக்கமான மறுப்பு வரும் என்று காத்திருந்தேன். சிவநேசன் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கட வீட்டிலையும் ஒரு நாய் நிண்டது. சண்டைக்குள்ளை ஊரை விட்டு வெளிக்கிடேக்கை, பின்னாலை ஓடி வந்திடும் எண்டு வேப்பமரத்திலை கட்டிப்போட்டு வந்தனான். பின்னேரம் திரும்பிடலாம் எண்டுதான் நினைச்சம்.”

“பிறகு ஆர் அவிட்டு விட்டது?” என்றாள் அபி.

“தெரியாதம்மா.”

காவலர் வந்து, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். சிவநேசன் படத்துக்கு அவ்வளவு கிட்டே போயிருந்தார்.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. அந்த அறைக்கு அரை மணி போதும் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம். கூட வருகிறவர் எதைப் பார்ப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கீழே கடையில் படத்தின் அஞ்சலட்டை பத்துக் குரோனர். நான் ஒன்று வாங்கினேன். அபி வேண்டாம் என்றுவிட்டாள்.

திரும்பும் ரயிலில் பாதி வழி வந்ததும் அபிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

“நாங்கள் வாங்கினா, வீட்டுக்குள்ளை கட்டாமல் வைச்சிருப்பம் அப்பா.”

சிவநேசன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“ஓம்.”