ஒச்சாயி வைத்த புள்ளிகள்

கீழக்குயில்குடியில் ஒச்சாயியின் வேகத்துக்கு மல்லிகை எடுக்க இன்னொருத்தி பிறந்துதான் வரவேண்டும். வாயும் அதே வேகம்தான். எவனாயிருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஆயுசில் இரண்டே இடத்தில்தான் வாய் அடைத்துப்போனது. இரண்டும் அடைக்கக் கூடாத இடம், அதுதான் வயிற்றெரிச்சல்.

பதினேழு வயதில் நல்லகாமனுக்கு வாக்கப்பட்டாள். பதினைந்து வருஷம் ஓடியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. நல்லகாமன் கெட்டவன் இல்லை, நல்லது செய்யத் துணிந்தவனும் இல்லை. அவன் தாய் சீனியம்மாள்தான் வீட்டில் எல்லாம். எண்பதாம் வருஷத்துச் சித்திரையில் அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். இன்னும் இரண்டு பொங்கல் பார்ப்பாளாம், மூன்றாவது பொங்கலுக்கு மகனுக்கு வேறு பெண் பார்த்துவிடுவாளாம்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அப்போதுதான் ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி ஒன்றை ஆரம்பித்திருந்தார். பிள்ளை இல்லாத பெண்களின் சினைப்பையிலிருந்து மாதாமாதம் முட்டை வெளிவருகிறதா, வராதவர்களுக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்தால் எத்தனை பேருக்குக் கரு தங்குகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. மொத்தம் அறுபது பேர். நல்லகாமனைச் சோதித்துக் குறையில்லை என்று சொன்ன பிறகு ஒச்சாயியையும் சேர்த்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மா மூன்று தடவை திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொடுத்தார். தினமும் விடியக்காலம் பாயைவிட்டு எழும்புவதற்கு முன்னால் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்து, வெள்ளிக்கோடு நிற்கிற இடத்துக்கு நேராகக் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். மாதவிலக்கான முதல் நாளை ஒன்று என்று எண்ணி, ஐந்தாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு மாத்திரை விழுங்கவேண்டும். ஒச்சாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியாதா என்ன? நூறு நூறாகப் பூவை எண்ணிப் போட்ட கை அது.

சீனியம்மாளையும் சும்மா சொல்லக்கூடாது. மாத்திரை டப்பாவையும் தெர்மாமீட்டரையும் மடியில் கட்டிக்கொண்டு வெயிலில் மலையடிவாரம் போய், கருப்பசாமி காலடியில் வைத்துத் திருநீறு போட்டு வாங்கி வந்தாள். அன்றிலிருந்து அவை சாமி படத்துக்குக் கீழேதான் இருந்தன. மாதவிலக்கானால் அந்த வீட்டுப் பெண்கள் ஐந்து நாள் கொல்லைக் கொட்டகையில் இருக்கவேண்டும். தட்டு, பாய், செம்பு எல்லாம் தனி. வீட்டுச் சாமான் எதையும் தொடக்கூடாது.

முதல் மாதமே முட்டிக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் ஒச்சாயி கொட்டகை வாசலில் நின்று கேட்டாள்.

"அத்தை, இன்னைக்கு அஞ்சாம் நாளு. அந்த மாத்திரைய மட்டும் தூக்கிப் போடுங்க."

"சாமி காலடியில வச்சு வாங்குனதத் தீட்டுக் கொட்டகைக்குள்ள போடச் சொல்றியாக்கும்? நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு உள்ள வா. அன்னையிலருந்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்க. தீட்டு நாளச் சாமி கணக்குல சேக்காது."

ஒச்சாயி நல்லகாமனைப் பார்த்தாள். ஆத்தா சொல்றபடி செய் என்று சொல்லிவிட்டு அவன் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டான். ஐந்து நாள் முன்னே பின்னே ஆனால் குடியா முழுகிவிடும் என்று ஒச்சாயியும் மனசைத் தேற்றிக்கொண்டாள். குளித்த நாளை ஒன்றாக வைத்து ஐந்தாம் நாள் மாத்திரையைத் தொட்டாள். உண்மையில் அது பத்தாம் நாள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் போனாள். ஆனால் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள், இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போச்சு என்று சொன்னதும், டாக்டரம்மா அவள் பெயரை அங்கேயே அடித்துவிட்டார். சொன்னபடி செய்கிறவர்களுக்குத்தான் மருந்து, இடம் கேட்டு வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள் என்றார். ஒச்சாயி மெல்ல நழுவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கொட்டகையில் இருந்த ஐந்து நாளுக்கும் தாளில் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு பென்சிலை இரவல் வாங்கி, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஐந்து புள்ளி வைத்தாள். மாதவிலக்கானது எந்தத் தேதி என்று உள்ளே கேட்டபோது, தலைக்கு ஊற்றிய தேதியைச் சொன்னாள். இம்புட்டு ஒழுங்காக யாரும் புள்ளி வைத்துக் கொண்டுவந்ததில்லை என்று டாக்டரம்மா அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த மாதம் அதே பெஞ்சில் சமயநல்லூர்ச் செல்லத்தாய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. அவள் வீட்டிலும் கொட்டகைதான், அவள் தாளிலும் ஐந்து கட்டம் வெறுமைதான். பேரை அடித்துவிடுவார்களே என்று நடுங்கினாள். ஒச்சாயிக்குப் பொறுக்கவில்லை.

"அழுகாதத்தா. இந்தா, நான் சொல்ற எடத்துல புள்ளிய வையி. தண்ணி ஊத்துன நாளச் சொல்லு. ஒரு ஆளும் கண்டுபிடிக்க முடியாது."

செல்லத்தாயோடு அது நிற்கவில்லை. அந்தப் பெஞ்சில் கண் கலங்கி உட்கார்ந்த ஒவ்வொருத்திக்கும் ஒச்சாயி சொல்லிக்கொடுத்தாள். செல்லத்தாயையும் சேர்த்துப் பதினோரு பேர். பதினோரு குடும்பத்தை வாழவைத்துவிட்டதாக அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது, பாவி.

மருந்து கேட்கவில்லை என்று ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. வயிற்றில் துளை போட்டுக் குழாய்விட்டும் பார்த்தார்கள். பூக்காட்டில் நின்றபடியே வாந்தி எடுத்தாள். மாதக் கடைசியில் இந்தத் தடவை தங்கிவிட்டது என்று நினைப்பாள், நினைத்த இரண்டாம் நாள் கொட்டகைக்குப் பாயைத் தூக்குவாள். அங்கே உட்கார்ந்து அழுதது யாருக்குத் தெரியும்?

எண்பத்திரண்டு ஐப்பசியில் மாதவிலக்கு வரவில்லை. கார்த்திகையிலும் வரவில்லை, மார்கழியிலும் வரவில்லை. உடம்பு குப்புக்குப்பென்று சுட்டது. சீனியம்மாள் மருமகளைத் தண்ணிக்குடம் தூக்கவிடவில்லை. பார்த்து வைத்திருந்த பெண் வீட்டுக்குப் பேச்சை நிறுத்திவைக்கச் சொல்லி ஆள் விட்டாள். நல்லகாமன் டவுனுக்குப் போய் அல்வா வாங்கி வந்தான். பதினேழு வருஷத்தில் ஒச்சாயி அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

டாக்டரம்மா ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். பொங்கல் கழித்து மறுவாரம் பதில் வந்தது. ஒச்சாயியை உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கரு இல்லை. சினைப்பையில் முட்டை தீர்ந்துபோய்விட்டது. சில பேருக்கு முப்பத்தைந்திலேயே இப்படி ஆகிவிடும், இனி மாதவிலக்கும் வராது, மருந்தும் கிடையாது. ஆராய்ச்சியும் முடிந்துவிட்டதாம். கிராமத்திலிருந்து வந்தவர்களில் ஒருத்திக்கும் மருந்து பிடிக்கவில்லையாம். அப்படியே மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டு, ஐப்பசியிலேயே அவர்கள் ஆஸ்பத்திரிக் கார்டையெல்லாம் எழுதி முடித்துக் கையில் கொடுத்துவிட்டாராம்.

இனி எதற்குப் பயப்படவேண்டும்? கொட்டகை, கருப்பசாமி, இரவல் பென்சில், பெஞ்சு, எல்லாவற்றையும் ஒச்சாயி கொட்டிவிட்டாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்று மட்டும் கேட்டார். பதினோரு பேர் என்றாள். அந்த நாளில் நீ எங்கே படுக்கிறாய் என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும் என்றார் அவர். கோபப்பட்டிருந்தால் ஒச்சாயிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரியான நாள்ல முழுங்கியிருந்தா எனக்குத் தங்கியிருக்குமா டாக்டரம்மா?"

"தெரியலம்மா. அதத் தெரிஞ்சுக்கத்தானே இம்புட்டும் செஞ்சோம்."

மற்றவர்களுக்கு இன்னும் வயசு இருக்கிறது, கூட்டி வா, முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றார். கடிதம் போட்டால் வீட்டு ஆம்பிளைகள் கைக்குத்தான் போகும், நீயே நேரில் போய்ச் சொல் என்றும் சொன்னார். ஒச்சாயி வீட்டுக்குப் போகவில்லை. சமயநல்லூர் பஸ் ஏறினாள்.

செல்லத்தாய் தன் புருஷன் வீட்டில் இல்லை. இரண்டு தெரு தள்ளித் தாய்வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். மருந்து பிடிக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த கார்டைப் புருஷன் வீட்டார் ஊர்க்கூட்டத்தில் காட்டியிருக்கிறார்கள். டாக்டரே கைவிட்டவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அன்றைக்கே கல்யாணத்தை அத்துவிட்டார்கள். கார்த்திகை முடிவதற்குள் அவனுக்கு வேறு கல்யாணமும் ஆகிவிட்டது.

ஒச்சாயி எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு மருந்தில் இல்லை, நாளில்தான், அந்த நாளைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான் என்றாள். இப்போது வந்தாலும் டாக்டரம்மா மருந்து தருவார் என்றாள். செல்லத்தாய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள். திட்டவில்லை, அழவும் இல்லை.

"நாளு இப்பச் சரியாத்தான் சொல்றக்கா. ஆம்பளைக்கு எங்க போக?"

அதற்கு மேல் ஒச்சாயிக்கு வாய் வரவில்லை. கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

தை முடிவதற்குள் நல்லகாமனுக்குத் தங்கப்பொண்ணு என்கிற பெண்ணைக் கட்டிவைத்தார்கள். இனி மாதவிலக்கு இல்லாததால் ஒச்சாயி கொட்டகைக்குப் போகவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. சாமி விளக்கேற்றுகிற வேலையைச் சீனியம்மாள் அவளுக்கே கொடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். யார் எந்த ஊர், எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கும் அவள் போகவில்லை.